பழுதான ஹார்ட் டிஸ்கில் மறுநிறுவல் செய்து என் கோப்புகளை அழித்தது குறித்த புகார்

அனுப்புநர்
உங்கள் நிறுவனத்தின் மேசைக் கணினியை வாங்கிய வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, புகார் எண் ஆகியவை தனித்தாளில்)

பெறுநர்
தலைமை அலுவலர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உத்தரவாதக் காலத்தில் ஹார்ட் டிஸ்க் பழுதானது, தொலைபேசியில் தவறான வழிகாட்டல், எழுத்து மூலம் தடுத்தும் சேவை மையம் கோப்புகளை அழித்தது, டிஸ்க் நலம் என்று தவறான அறிக்கை தந்தது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் சேவை மையத்தில் கணினியை ஒப்படைத்த அன்று, அங்கே கொடுத்த படிவத்தில் ‘குறிப்புகள்’ என்ற கட்டத்துக்குள் என் கையால் எழுதினேன்: “டிஸ்கில் உள்ள கோப்புகள் வேண்டும். நகல் எடுக்காமல் எதையும் அழிக்காதீர்கள்.” வரவேற்பு மேசையில் இருந்தவர் அதைப் படித்துவிட்டுத்தான் முத்திரை வைத்தார். ஐந்தாம் நாள் கணினி திரும்பி வந்தபோது அதில் புதிய விண்டோஸ் மட்டுமே இருந்தது. கூடவே ஒரு தாள்: “மென்பொருள் கோளாறு. மறுநிறுவல் செய்யப்பட்டது. ஹார்ட் டிஸ்க் நலம்.” அடுத்த நான்காம் நாள் அதே கணினி மறுபடியும் எழாமல் கிடந்தது. படிவத்தின் நகலையும் அறிக்கையின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். கணினி வாங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. உத்தரவாதம் மூன்று ஆண்டுகளுக்கு. பழுதுக்கு இரண்டு வாரம் முன்பே அறிகுறிகள் தெரிந்தன. ஒரு நிமிடத்தில் எழும் கணினி எட்டு, பத்து நிமிடம் எடுத்தது. ஒரு குறிப்பிட்ட கோப்புறையைத் திறந்தால் திரை உறைந்து நின்றது. பெட்டிக்குள்ளிருந்து சீரான இடைவெளியில் ‘டிக், டிக்’ என்ற ஒலி வந்தது. பிறகு ஒரு காலை, விண்டோஸ் வருவதற்கு முன்பே கருப்புத் திரையில் ஓர் அறிவிப்பு நின்றது: ஸ்மார்ட் நிலை மோசம், நகல் எடுத்துக்கொண்டு டிஸ்கை மாற்றவும், தொடர எஃப் 1 விசையை அழுத்தவும்.

டிஸ்க் தன்னைத்தானே கண்காணித்து எழுதி வைக்கும் குறிப்பேடுதான் ஸ்மார்ட். அந்தக் குறிப்பேட்டைப் படித்துவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்பதை உங்கள் கணினியே தெளிவாகச் சொல்லியிருந்தது: முதலில் நகல், பிறகு மாற்று. நான் உடனே உங்கள் உதவி எண்ணை அழைத்து, திரையில் இருந்ததை ஒரு சொல் விடாமல் படித்துக் காட்டினேன். “அது அடிக்கடி வரும் அறிவிப்புதான், எஃப் 1 அழுத்தி உள்ளே போங்கள், செக் டிஸ்க் ஓட்டினால் சரியாகிவிடும்” என்று பதில் வந்தது. செக் டிஸ்க் என்பது டிஸ்கைச் சோதித்துத் திருத்தும் விண்டோஸ் கருவி. அதில் கெட்ட செக்டர்களை, அதாவது டிஸ்க் பரப்பில் பழுதான சிறு கட்டங்களைத் தேடும் முழுச் சோதனையைத் தொடங்க வைத்துவிட்டு அவர் இணைப்பைத் துண்டித்தார். கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு அதிகம் தெரியும் என்று நம்பித்தான் அதைச் செய்தேன்.

அந்தச் சோதனை என்ன செய்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். ஒரு டெராபைட் டிஸ்கில் 512 பைட் அளவுள்ள செக்டர்கள் சுமார் 195 கோடி இருக்கின்றன. முழுச் சோதனை அந்தப் பரப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படிக்கிறது. படிக்க முடியாத செக்டர் வந்தால் டிஸ்க் விட்டுவிடுவதில்லை. திரும்பத் திரும்ப முயல்கிறது. அந்த நேரமெல்லாம், தகவலைப் படிக்கும், ஏற்கெனவே தடுமாறும் தலைப்பகுதி, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் தட்டின்மேல் அலைந்துகொண்டிருக்கிறது. போதாததற்கு, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் கோப்பு அட்டவணையையும் செக் டிஸ்க் தன் கணிப்புப்படி திருத்தி எழுதுகிறது. நலமான டிஸ்கில் அது நல்ல கருவி. சாகக் கிடக்கும் டிஸ்கில் அதை ஓட்டச் சொல்வது, கால் முறிந்தவரை எழுப்பி ஓடிக் காட்டச் சொல்வதற்கு ஒப்பானது. இரவு முழுக்க ஓடியது; விடியும்போது ஒரே சதவீதத்தில் மணிக்கணக்கில் நின்றிருந்தது. வேறு வழியின்றி நிறுத்தினேன். அதற்குப் பிறகு விண்டோஸ் வரவே இல்லை. தொடங்குவதற்கான சாதனம் எதுவும் இல்லை என்ற அறிவிப்பு மட்டும் வந்தது.

இரண்டாவது அழைப்பில் பேசியவர், பெட்டியைத் திறந்து டிஸ்கின் கேபிளைக் கழற்றி மாட்டச் சொன்னார். பெட்டியின் திருகுமேல் ஒட்டுத்தாள் இருக்கிறதே என்று கேட்டேன். பரவாயில்லை, நாங்கள்தானே சொல்கிறோம் என்றார். கேபிளைப் பார்க்கச் சொன்னதை நான் குறை கூறவில்லை. தளர்ந்த கேபிளாலும் கணினி எழாமல் போவதுண்டு. ஆனால் ஒட்டுத்தாள் கிழிந்திருப்பதால் உத்தரவாதம் செல்லாது என்று பிறகு உங்கள் சேவை மையமே என்னிடம் சொன்னது. உங்கள் ஆள் சொல்லிக் கிழித்த தாளுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறீர்கள். அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள்.

மூன்றாவது அழைப்பை இரவில் ஒரு பெண் அலுவலர் ஏற்றார். “உள்ளே உங்களுக்குத் தேவையான கோப்புகள் இருக்கின்றனவா, வேறு எங்காவது நகல் இருக்கிறதா?” என்று எடுத்த எடுப்பில் கேட்டவர் அவர் ஒருவர்தான். இனிக் கணினியை இயக்க வேண்டாம், மையத்தில் நகல் எடுக்கும் வசதி இருக்கிறது, படிவத்தில் எழுதிக் கொடுங்கள் என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. மையம் அதை மதிக்காதது அவருடைய குற்றம் அன்று. இந்தப் புகாரால் அவருக்கு எந்தப் பாதிப்பும் வரக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த டிஸ்கில் இருந்தது என் உழைப்பு. நான் மொழிபெயர்ப்பாளர். மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் நிகரன்களை ஒன்பது ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறேன். ஒரு சொல்லுக்கு ஒரு சிறு கோப்பு, நான்கைந்து வரிகள். நான்கு மாதங்களுக்கு முன்பு வரையிலான தொகுப்பு வேறொரு டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது. அதற்குப் பிந்தையவற்றுக்கு நகல் எடுக்காமல் விட்டது என் தவறு, அதை உங்கள்மேல் சுமத்த மாட்டேன். ஆனால் நகல் இல்லை என்பதால்தான் படிவத்தில் அப்படி எழுதினேன்.

இனி, ‘டிஸ்க் நலம்’ என்ற உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். மையத்துக்குக் கொண்டுவருவதற்கு முந்தைய நாள், விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம் உள்ள பென் டிரைவில் கணினியை எழுப்பி, ஸ்மார்ட் குறிப்பேட்டை மட்டும் படித்துப் படம் எடுத்து வைத்தார். இடம் மாற்றப்பட்ட செக்டர்கள், அதாவது 5ஆம் எண் பதிவு: 1,640. படிக்க முடியாமல் காத்திருப்பவை, 197ஆம் எண்: 312. கேபிள் வழியே தகவல் சிதைந்தால் கூடும் 199ஆம் எண்: பூஜ்யம். கேபிளில் குற்றமில்லை, தட்டில்தான் குற்றம் என்று இதற்குமேல் யார் சொல்ல வேண்டும்? படிப்புப் பிழைகள் டிஸ்க் ஓடிய 4,212ஆம் மணியில் பதிவாகியிருந்தன. உங்கள் பொறியாளர் கையெழுத்திட்ட நாளில் டிஸ்க் 4,260 மணிகளைத் தாண்டியிருந்தது. அவர் அறிக்கை எழுதியபோது பிழைகள் குறிப்பேட்டில் கிடந்தன. பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

மறுநிறுவலுக்குப் பிறகு கணினி நான்கு நாள் ஓடியதே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் விடை அதே குறிப்பேட்டில் இருக்கிறது. இரண்டாவது முறை விழுந்த பிறகு எடுத்த கணக்கில் காத்திருப்பவை 312இலிருந்து 48 ஆகக் குறைந்திருந்தன. இடம் மாற்றப்பட்டவை 1,904 ஆகக் கூடியிருந்தன. ஒன்றில் 264 குறைந்து மற்றொன்றில் 264 ஏறியிருக்கிறது. கெட்ட செக்டரைப் படிக்க முடியாதவரை டிஸ்க் அதைக் கைவிடாமல் காத்திருக்கும். அதன்மேல் புதிதாக எழுதச் சொன்னால், உதிரி இடத்தில் எழுதிவிட்டுப் பழைய இடத்தை ஒதுக்கிவிடும். அதனால் கணினி குணமானதுபோல் தெரியும். ஆனால் பழைய இடத்தில் இருந்த எழுத்து அத்துடன் போய்விடும். உங்கள் மையம் பழுது நீக்கவில்லை. பழுதின்மேல் பூசி மெழுகி, நான்கு நாளுக்கு மறைத்து வைத்தது.

எனக்கு ஆறாத வருத்தம் இனிமேல்தான். இரண்டாம் முறை டிஸ்க் விழுந்ததும், அதே அளவுள்ள புதிய டிஸ்க் ஒன்றை வாங்கி, டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியால் நகல் எடுத்தோம். அது நல்ல பகுதிகளை முதலில் வாரி எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கும்; எங்கே விட்டது என்பதையும் குறித்துக்கொள்ளும். மூன்று நாள் ஆனது. கடைசிவரை படிக்க முடியாமல் போனது 11 எம்.பி. மட்டுமே. அந்தப் பழுதான டிஸ்க் மற்ற அத்தனையையும் கொடுத்துவிட்டது. ஆனால் அதன்மேல் உங்கள் மையம் புதிதாக எழுதியது 30 ஜி.பி.க்கும் மேல்! விண்டோஸின் கோப்பு முறையில் மிகச் சிறிய கோப்புகள் தனி இடத்தில் வைக்கப்படுவதில்லை, கோப்பு அட்டவணைக்குள்ளேயே அடங்கிவிடும். என் சொல் கோப்புகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. நீங்கள் ஃபார்மேட் செய்தபோது புதிய அட்டவணை பழைய அட்டவணையின் இடத்தில் எழுதப்பட்டது. நான்கு மாதத்தில் சேர்த்த 640 சொற்களில் மீண்டவை 210. அவையும் பெயரிழந்து, ஆயிரக்கணக்கான வேறு கோப்புகளுக்கிடையே கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் பிரித்தேன். மேலெழுதப்பட்டதை எந்த ஆய்வகத்தாலும் மீட்க முடியாது என்பதை அறிவேன். இந்த மூன்று நாள் வேலையை உங்கள் மையம் முதலில் செய்திருந்தால் 640இல் ஏறத்தாழ எல்லாமே எனக்குக் கிடைத்திருக்கும்.

ஆகவே உத்தரவாதப்படி புதிய ஹார்ட் டிஸ்க் தர வேண்டும். ஒட்டுத்தாளைக் காரணம் காட்டக் கூடாது. நகல் எடுக்க நான் வாங்கிய டிஸ்கின் விலையையும் ஏற்க வேண்டும், ரசீது இணைத்திருக்கிறேன். பழைய டிஸ்கைத் திருப்பிக் கேட்காதீர்கள். அதில் நான் மொழிபெயர்த்த, பிறருடைய மருத்துவ ஆவணங்கள் இருக்கின்றன. அவை என் கையைவிட்டுப் போகக் கூடாது. ‘மென்பொருள் கோளாறு, டிஸ்க் நலம்’ என்ற அறிக்கையைத் திரும்பப் பெற்று, உண்மையை எழுதித் தர வேண்டும். படிவத்தில் எழுதியிருந்ததை யார் பார்த்தார்கள், பார்த்தும் ஏன் ஃபார்மேட் செய்தார்கள் என்பதற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும்.

இவற்றைவிட எனக்கு முக்கியமானது, தொலைபேசியில் பேசும் உங்கள் ஊழியர்களின் கையில் இருக்கும் கேள்வி வரிசை. கணினி எழவில்லை என்று ஒருவர் அழைத்தால், அந்த இரவு அலுவலர் கேட்ட கேள்வியே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். வினோதமான ஒலி வருகிறதா, ஸ்மார்ட் எச்சரிக்கை தெரிந்ததா என்பது இரண்டாவது. ஒலி, எச்சரிக்கை இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் செக் டிஸ்க், மறுநிறுவல் என்ற பேச்சே எழக் கூடாது. கணினியை அணைத்துவிடுங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இதற்குப் புதிய கருவியோ கூடுதல் ஆளோ தேவையில்லை. இந்த வரிசையை மாற்றிவிட்டீர்கள் என்று எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

ஐயம் இருந்தால் உங்கள் பொறியாளர் ஒருவரை அனுப்புங்கள். டிஸ்க் உறையிலிட்டு என் அலமாரியில் இருக்கிறது. என் கண் முன்னால் குறிப்பேட்டைப் படித்துப் பார்க்கலாம், எதையும் எழுதாமல். 15 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் இதே தாள்களுடன் நுகர்வோர் குறைதீர் அமைப்பை நாடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்