ஏற்காடு எரிமலை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஏற்காடு கட்டுரையில், சேர்வராயன் மலையின் பாக்சைட், அதாவது அலுமினியத் தாது, 'எரிமலைக் குழம்பு ஆறி உருவானது' என்று ஒரு வரி வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு என் பேத்தி, "தாத்தா, நீங்க வேலை பார்த்தது எரிமலையிலயா?" என்று கேட்டாள். 1984 முதல் 2003 வரை அந்த மலையில் பாக்சைட் குழியில் மேஸ்திரியாக இருந்தவன் நான். இல்லை என்று சொன்னால், "புத்தகத்துல போட்டிருக்கே" என்கிறாள்.

குழி வெட்டினால் மேலே சிவப்பாகத் துருக்கல் வரும். அதன் கீழே பாக்சைட், அப்புறம் வழவழப்பான களிமண், அடியில் கருங்கல். சார்னோகைட் என்கிற இந்தக் கல், பூமியின் ஆழத்தில் உருவாகி ஏறத்தாழ 250 கோடி ஆண்டு ஆனது. பரங்கிமலையில் இருப்பதும் இதே இனம்தான், உங்களுக்குத் தெரியாததல்ல. குழியில் கிடக்கும் உருண்டைகளைச் சம்மட்டியால் உடைத்தால் நடுவில் பச்சைக் கருங்கல் இருக்கும், சுற்றிலும் வெங்காயத் தோல் மாதிரி மக்கிய அடுக்குகள் இருக்கும். என் கையால் எத்தனையோ உடைத்திருக்கிறேன். அந்தக் கல் மக்கித்தான் பாக்சைட் ஆகியிருக்கிறது.

வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்க, மழைநீர் கல்லிலிருந்து கால்சியம், சோடியம், பொட்டாசியத்தைக் கரைத்துக்கொண்டு போகும். அப்புறம் மெதுவாக, மணலில் இருக்கிற அதே சிலிக்காவும் போகும். கரையாத அலுமினியமும் இரும்பும் தங்கும். கருங்கல்லில் 15 சதவீதம் போல இருந்த அலுமினா (அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது), பாக்சைட்டில் 40 சதவீதத்தைத் தாண்டுவது இப்படித்தான். ஆனால் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்க வேண்டும். தேங்கினால் சிலிக்கா வெளியேறாது, வெறும் வெள்ளைக் களிமண்ணோடு நின்றுவிடும். சேர்வராயன் கோயில் பக்கம் தட்டையான உச்சியில் மழைநீர் கல்லுக்குள் இறங்கி வடியும், அதனால் அங்கே பாக்சைட் கிடைக்கிறது; சரிவில் தண்ணீர் மேலோடு ஓடி, மக்கிய மண்ணையும் அரித்துக்கொண்டு போய்விடும், அதனால் கிடைப்பதில்லை.

மத்தியப் பிரதேசத்தில் அமர்கண்டக் பக்கம் எரிமலைப் பாறைமேல் பாக்சைட் இருக்கிறது, உண்மை. அங்கும் பாறை ஆறியதால் வரவில்லை, ஆறி முடிந்து வெகுகாலம் மக்கியதால் வந்தது. 1821இல் பெர்த்தியே என்பவர் இதைக் கண்டறிந்த பிரான்சின் லே போ ஊரில் இருப்பதோ சுண்ணாம்புப் பாறை. ஊரின் பெயரே கனிமத்துக்கும் ஆனது.

இது முதல் தடவையும் அல்ல. போன வருடம் சேலத்து வெள்ளைக்கல் சுரங்கத்தின் படத்தைப் போட்டு 'பாக்சைட் சுரங்கம்' என்று எழுதினீர்கள். வெள்ளைக்கல் மேக்னசைட், அது வேறு கல். அப்போதே கடிதம் எழுதினேன், ஒரு வரி பதில் வரவில்லை. கொல்லிமலை பற்றி எழுதினாலும் அருவியும் தேனும்தான். அங்கேயும் பாக்சைட் வெட்டினார்களே, செம்மண் தூசியில் கூடை சுமந்த பெண்களைப் பற்றி ஒரு பத்தி உண்டா? முப்பது வருடமாகக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவன் என்கிற உரிமையில் கேட்கிறேன். எங்கள் மலை உங்களுக்குப் படகுச் சவாரி மட்டும்தானா?

அடுத்த இதழில், அதே பக்கத்தில், இரண்டே வரியில் திருத்தம் போடுங்கள். மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம். பேத்திக்குக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுரங்க மேஸ்திரி,
ஏற்காடு.