எட்டும் உயரத்தில் புத்தகம் வைத்தவர்களுக்கு நன்றி

எங்கள் தொடக்கப் பள்ளி நூலகத்துக்குத் தோள் கொடுத்த பெற்றோர், பள்ளி மேலாண்மைக் குழுவினர், ஊர்க்காரர்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம்.

யார் எதைச் செய்தீர்கள், அது எப்படிப் பயன்படுகிறது என்பதை அளவுகளோடு எழுதுகிறோம். பக்கத்து ஊர்ப் பள்ளிகளும் பார்த்துச் செய்துகொள்ளலாம்.

முதல் நன்றி தையல்கடை அக்காவுக்கு. சின்னப் பிள்ளைகளின் படக்கதைகள் ஒல்லியானவை. முதுகில் பெயர் அச்சிட இடமே இருக்காது. அலமாரியில் நிறுத்தினால் எது என்ன புத்தகம் என்று பெரியவர்களுக்கே தெரியாது. அட்டைப்படம் கண்ணில் பட்டால்தான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கை நீட்டும். அதற்காக முன்பு கயிறு கட்டித் தொங்கவிட்டோம். நடுவில் விரித்துப் போட்டால் ஸ்டேப்ளர் பின் அடித்த இடத்தில் தாள் கிழிந்தது. கிளிப் மாட்டினால் அட்டை ஓரம் பிய்ந்தது. அக்கா தைத்த, வரிசையாகப் பைகள் வைத்த துணித்திரையில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

காடாத் துணி, 54 அங்குல அகலம், 54 அங்குல உயரம். வரிசைக்கு ஐந்தாக நான்கு வரிசை, மொத்தம் இருபது பைகள். ஒவ்வொரு பையும் 10 அங்குல அகலம், 5 அங்குல ஆழம். ஆழம் இதைவிடக் குறைந்தால் ஒல்லிப் புத்தகம் முன்னால் மடிந்து விழும். ஏழு வைத்தால் படம் மறைந்துபோகும். பையின் அடியில் சிறு கொசுவம் வைத்திருப்பதால் மூன்று பிரதிகள் வரை இறுக்கமில்லாமல் நிற்கின்றன. வெட்டுவதற்கு முன்பே துணியை ஓர் இரவு ஊறவைத்துக் காயப்போட்டார் அக்கா. நனைக்காத காடா முதல் துவைப்பில் சுருங்கி, பைகள் கோணிக்கொள்ளும். மேலே ஒரு மூங்கில் கழி, கீழே ஒன்று. கீழ்க்கழி இல்லாவிட்டால் பாரத்தில் நடுத்துணி தொங்கிப்போகும். மேல்வரிசைப் பையின் வாய் தரையிலிருந்து நான்கடிக்குமேல் போகக் கூடாது என்று ஆணி அடிக்கும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தாரே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

ஆசாரி அண்ணன் பழைய பெஞ்சுப் பலகைகளில் இரண்டு சாய்வுப் பெட்டிகள் செய்து, விளிம்பையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தந்தார். பிஞ்சு விரலில் சிலாம்பு ஏறாது.

பைண்டிங் கடை அய்யா செய்த வேலை வெளியே தெரியாது. ஆனால் பெரிய வேலை. புத்தக நடுவில் அடித்த ஸ்டேப்ளர் பின்கள் மழைக்காலத்தில் துருவேறும், துரு தாளைத் தின்னும். அய்யா பழைய பின்களைக் கத்திமுனையால் நெம்பி எடுத்து, மடிப்பில் ஐந்து துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலால் தைத்திருக்கிறார். முடிச்சு உள்பக்கம் விழுந்திருப்பதால் பிள்ளைகள் பிடித்து இழுப்பதில்லை. கிழிசலுக்கு செலோடேப் ஒட்டும் பழக்கத்தையும் நிறுத்தச் சொன்னார். டேப் நாளாக ஆக மஞ்சளாகும், கோந்து கசிந்து அடுத்த பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பதிலுக்கு மெல்லிய டிஷ்யூ தாளைக் கையால் கிழித்து, இரண்டு பங்கு வெள்ளைப் பசைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து ஒட்டி, இருபுறமும் பிளாஸ்டிக் தாள் வைத்து ஓர் இரவு பாரம் ஏற்ற வேண்டும். பூச்சிக்காக மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவது பைண்டிங் தொழிலில் வழக்கம். அது விஷம், சின்னப் பிள்ளைகள் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவார்கள் என்று மைதாவையும் துத்தத்தையும் அடியோடு தவிர்த்துவிட்டார். தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சிக்குப் பெட்டி மூலையில் வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறோம்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. கிழிந்தால் அபராதம் என்றால் வீட்டில் புத்தகத்தைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, திருப்பித் தரும் நாளில்தான் இறக்குவார்கள். கிழிசலைத் தேய்மானமாகவே எடுத்துக்கொள்வது, ஒரு பைசா கேட்பதில்லை என்று முடிவெடுத்த தலைமை ஆசிரியருக்கும் மேலாண்மைக் குழுவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இப்போது பிள்ளைகள் கிழிந்ததை மறைக்காமல் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சின்னதாக இருக்கும்போதே ஒட்டிவிட முடிகிறது. உண்மையில் புத்தகத்துக்குப் பெரிய எதிரி பள்ளிப்பைக்குள் கசியும் தண்ணீர் பாட்டில். அதனால் புத்தகம் எடுத்துப்போக அம்மாக்கள் தைத்துத் தந்த மஞ்சப்பைகளைத் தனியாகக் கையில்தான் கொண்டுபோக வேண்டும். பள்ளிப்பைக்குள் திணித்தால் பயனில்லை.

வியாழக்கிழமை கதை நேரத்துக்கு வரும் பாட்டிகளுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது! எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்கியவர்களுக்குச் சொல்லே இல்லாத படக்கதைகளைக் கொடுத்தோம். படத்தைப் பார்த்து அவர்கள் சொல்லும் கதை வாராவாரம் மாறுகிறது, பிள்ளைகள் அதையே கேட்கிறார்கள். பாட்டிகள் ஒன்றை மட்டும் விடாமல் செய்கிறார்கள்: பக்கம் திருப்புமுன் நிறுத்தி, "அப்புறம் என்னடா ஆயிருக்கும்?" கடைசியில் நீதி கேட்பதில்லை. கேட்டால் அடுத்த வாரம் கதை நேரம் பாடவேளையாகிவிடும்.

ஐந்தாம் வகுப்பு நூலகத் தோழர்களே, பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் இருக்கும் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிகளை நம் மற்றப் புத்தகங்களுக்கும் பொருத்தி, அட்டையின் இடது மேல்மூலையில் நிற வட்டம் ஒட்டியவர்கள் நீங்கள்தான். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்கி, ஐந்தும் மடங்கினால் தனியாகப் படிக்கக் கடினமான புத்தகம் என்று அறியும் சோதனையையும் தம்பி தங்கைகளுக்குக் கற்றுத் தருகிறீர்கள். பக்கத்துக்கு மூன்று வரி மட்டுமே உள்ள புத்தகத்தில் ஐந்து விரல்வரை காத்திருக்காதீர்கள். மூன்று மடங்கினாலே அது சேர்ந்து படிக்க வேண்டிய புத்தகம். "வேண்டாம், வை" என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் பொட்டலப் புத்தகம் அருமை. யாரும் தொடாத புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே மூன்று குறிப்பு. "வால் உண்டு. வீடு இல்லை. கடைசிப் பக்கத்தில் அழுகை வரும்." இதைப் படித்துவிட்டு யார்தான் பிரிக்காமல் இருப்பார்கள்? டேப் ஒட்டாமல் சணல் கட்டுங்கள். அவசரத்தில் தாளோடு அட்டையும் சேர்ந்து கிழிகிறது. குறிப்பில் கதையின் பெயரோ முடிவோ வரக் கூடாது.

அக்கா, மீதிக் காடாத் துணி இரண்டு மீட்டர் சாய்வுப் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறது. இரண்டாம் வகுப்புக்கும் ஒரு திரை கேட்கிறார்கள். போன தடவை போலவே, நனைத்துக் காயவைத்துவிட்டுக் கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
பள்ளி நூலகப் பொறுப்பாளர்கள்