மாதிரி ஐ.நா. சபை மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி மாணவர்கள் நடத்திய மாதிரி ஐ.நா. சபை பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியையும் படத்தையும் பார்த்தேன். ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்து, ஐ.நா.வில் நடப்பது போலவே பேசித் தீர்மானம் போடும் பயிற்சி அது. கோட் போட்ட பிள்ளைகள், மேசையில் நாட்டின் பெயர்ப்பலகை, ஆங்கிலத்தில் விவாதம். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் கலந்துகொண்ட பள்ளிகளில் ஒன்றுகூட பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே இல்லை. காசிமேட்டுப் பிள்ளைக்கும் வியாசர்பாடிப் பிள்ளைக்கும் உலக விவகாரத்தில் பேச என்ன இருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தொழிற்சங்கத்தின் சார்பில் சம்பளப் பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது தண்டையார்பேட்டையில் ஒரு மாலை நேரப் படிப்பகத்தில் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கிறேன். போன கோடை விடுமுறையில் அங்கே நாங்களும் ஒரு மாதிரி சபை நடத்தினோம், முழுக்கத் தமிழில். எடுத்துக்கொண்ட விஷயம் பாக் நீரிணை மீன்பிடிப் பிரச்சினை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் அப்பாக்கள் கரையில் இருந்தார்கள். பிள்ளைகள் சந்தேகம் கேட்க வசதியாகப் போயிற்று.

இந்தியா, இலங்கை என்று அரசுகளுக்கு மட்டும் இடம் கொடுக்காமல், ராமேசுவரம் மீனவர், யாழ்ப்பாண மீனவர் என்று தனி இருக்கைகளும் போட்டோம். யார் எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தோம். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவரின் மகள் ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு. அவளுக்கு விழுந்தது யாழ்ப்பாண மீனவர் இருக்கை. முகம் சுருங்கிவிட்டது. நம்ம ஆட்களைச் சுடுகிறவர்கள், பிடித்துக்கொண்டு போகிறவர்கள் பக்கம் நின்று நான் எப்படிப் பேசுவேன் என்றாள். பிடிப்பது அந்த நாட்டுக் கடற்படை, நீ பேசப்போவது அங்கே வலை போடுகிறவனுக்காக என்று சொல்லி அனுப்பினோம்.

மறுநாள் வந்து அவளே சொன்னாள். அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். அவர் சொன்னாராம்: "நம்ம ஊர்லயே விசைப்படகு போய் ஃபைபர் போட்காரன் வலைய அறுத்துட்டா எவ்ளோ சண்டை வருது, பார்த்திருக்கல்ல? அதையே சொல்லு." அவள் அதையே சொன்னாள். சின்னப் படகில் போய் ராத்திரி வலையைப் போட்டுவிட்டு விடிய எடுக்க வருகிறவனின் வலை மீது, விசைப்படகு கடலடியை வாரி இழுத்துப் போகும் பெரிய வலையான இழுவை மடி போனால் என்ன மிஞ்சும்? போர்க்காலம் முழுக்கக் கடலுக்குப் போகத் தடையும் கெடுபிடியுமாக இருந்து, 2009-க்குப் பிறகுதான் நிம்மதியாகத் தொழிலுக்கு வந்தவன், கடன் வாங்கி வாங்கிய வலைக்கு யாரிடம் போய் நிற்பான்? இழுவை மடியை 2017-லேயே இலங்கை சட்டம் போட்டுத் தடுத்துவிட்டதை எந்தப் புத்தகத்தில் பார்த்தாளோ, அதையும் எடுத்து வைத்தாள். ராமேசுவரம் மீனவராக உட்கார்ந்திருந்த கொருக்குப்பேட்டைப் பையன் அதுவரை மேசையைத் தட்டிப் பேசிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தவன். கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. அப்புறம் கேட்டான்: "சரி, மடியை விட்டுடறோம். படகுக் கடனை யார் கட்டறது?"

பேச்சுவார்த்தை அந்த நிமிஷம்தான் தொடங்கியது. அதுவரை நடந்தது பேச்சுப்போட்டி.

பிறகு எழுதினார்கள், அடித்தார்கள், திரும்ப எழுதினார்கள். இழுவை மடியைப் படிப்படியாக விடுவது, விடுகிறவர்களுக்கு ஆழ்கடல் மீன்பிடிக்கு மாற உதவி, அதுவரை பிடிபட்ட மீனவர்களையும் படகுகளையும் உடனே விடுவிப்பது என்று வரைவு போனது. ஆழ்கடலுக்கு மாற 2017-ல் அரசே ஒரு மானியத் திட்டம் கொண்டுவந்திருப்பதைச் சொன்னதும், அப்படியானால் ஏன் எல்லோரும் மாறவில்லை என்று கேட்டு என்னைத் திணறடித்தார்கள். கச்சத்தீவு பற்றி ஒரு பத்தி இருந்தது. 1974, 1976 ஒப்பந்தங்களையெல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதினார்கள். ஆனால் அது இருந்தால் இலங்கைத் தரப்பு கையெழுத்துப் போடாது என்றானதும் இரண்டு பக்கமும் பேசி அதை எடுத்துவிட்டார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் அந்த மேசையில் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். அது அவர்கள் சபை, அவர்கள் முடிவு என்று வாயை மூடிக்கொண்டேன்.

நம் பிள்ளைகளுக்கு மேடை புதிதல்ல. இலக்கிய மன்றம் இருக்கிறது, பட்டிமன்றம் இருக்கிறது. ஆனால் பட்டிமன்றத்தில் தீர்ப்புச் சொல்ல நடுவர் இருக்கிறார். கொடுத்த கட்சியைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு நின்றால் போதும். சபையில் நடுவர் கிடையாது. எதிரில் இருக்கிறவன் கையைத் தூக்கினால்தான் தீர்மானம் நிறைவேறும். அவனுக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் கையைத் தூக்க வைக்க முடியாது. தோற்ற பிறகும் அதே சபையில் அடுத்த தீர்மானத்துக்கு உட்கார்ந்தாக வேண்டும். சம்பளப் பேச்சில் நாங்கள் வருடக்கணக்கில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டது இது.

பெரிய பள்ளிகளில் பாதுகாப்புக் கவுன்சில்தான் நடக்கிறது, பிள்ளைகளும் அமெரிக்காவோ ரஷ்யாவோ ஆகத்தான் ஆசைப்படுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். கவுன்சிலையும் நடத்தட்டும். மொத்தம் 15 பேர், தீர்மானத்துக்கு 9 ஓட்டு வேண்டும், ஆனால் நிரந்தர உறுப்பினர் ஐவரில் ஒருவர் எதிர்த்தாலும் போச்சு. 14 பேர் ஆதரித்தும் விழுந்துபோகும் தீர்மானத்தைப் பிள்ளைகள் ஒருமுறை நேரில் பார்க்கட்டும், கோபம் வரட்டும். அதோடு 193 நாடுகளின் பொதுச்சபையையும் நடத்தட்டும். அங்கே பசிபிக் கடலின் குட்டித் தீவு நாடான துவாலுவுக்கும் ஒரு ஓட்டு, இந்தியாவுக்கும் ஒரு ஓட்டு.

ஆங்கிலம் வராது என்பதை யாரும் தடையாகச் சொல்ல வேண்டாம். ஐ.நா.வுக்கு ஆறு அலுவல் மொழிகள் உண்டு. அவை அல்லாத மொழியில் பேச விரும்பும் பிரதிநிதி, மொழிபெயர்ப்புக்குத் தானே ஏற்பாடு செய்துகொண்டு பேசலாம் என்று பொதுச்சபையின் விதியே இருக்கிறது. 1977-ல் வெளியுறவு அமைச்சராக இருந்த வாஜ்பாய் அங்கே இந்தியில் பேசினார். தமிழில் யோசிக்கிற பிள்ளை தமிழில் பேரம் பேசிப் பழகட்டும், ஆங்கிலம் பின்னால் வரும்.

இந்தப் பகுதிக்கு இந்த விஷயம் அந்நியமும் அல்ல. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் 1918-ல் தொடங்கியது சென்னைத் தொழிலாளர் சங்கம். மறு வருடமே வாஷிங்டனில் முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு நடந்தது. சங்கத் தலைவர் பி.பி. வாடியாவும் அதற்குப் போனார். வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்று உலகத்துக்கு முடிவு செய்த அந்த மாநாடு, பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60 மணி என்று எழுதியது. அங்கே ஒவ்வொரு நாட்டுக்கும் நான்கு ஓட்டு: அரசுக்கு இரண்டு, முதலாளிக்கு ஒன்று, தொழிலாளிக்கு ஒன்று. இந்த மாநாட்டை வியாசர்பாடி, புளியந்தோப்புப் பிள்ளைகள் நடித்துப் பார்க்கட்டும். தாத்தாக்கள் ஆலையில் வேலை பார்த்த வீடுகள் இன்னும் அங்கே இருக்கின்றன.

மாநகராட்சிக் கல்வித் துறை செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிகளில் மன்றங்களுக்கு ஒதுக்கும் நேரத்தில் இதற்கும் இடம் கொடுங்கள். மண்டலத்துக்கு ஒரு சமூகநலக் கூடத்தை விடுமுறையில் திறந்துவிடுங்கள். கட்டணம் வேண்டாம், கோட்டும் வேண்டாம். சிறந்த பேச்சாளர் கோப்பையைத் தயவுசெய்து வைக்காதீர்கள், வைத்தால் எல்லோரும் அதற்காகவே பேசுவார்கள். எதிர்த்தரப்பின் கையெழுத்தோடு வரும் வரைவுக்குப் பாராட்டுக் கொடுங்கள். சபைத் தலைவராகவும் ஒரு மாணவரோ மாணவியோ இருக்கட்டும், ஆசிரியர்கள் பின்வரிசையில் உட்காரட்டும்.

எங்கள் படிப்பகத்தில் சபை விதிகளைத் தமிழில் நான்கு பக்கமாக எழுதி வைத்திருக்கிறோம். அட்டையில் எழுதிய பெயர்ப்பலகைகளும் பத்திரமாக இருக்கின்றன. எந்தப் பள்ளி கேட்டாலும் கொடுக்கிறோம், முதல் முறை நடத்தும்போது கூட வந்து உட்காரவும் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி,
தண்டையார்பேட்டை, சென்னை.