கத்தரிக்காயா, கத்திரிக்காயா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

‘தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்’ என்று வேலூரைச் சொல்வார்கள். செல்போனுக்கு முன்பே வாய்வழியாக ஊர் ஊராகப் போன வரி இது. அதன் கட்டுமானம் அப்படி. ‘இல்லாத’ என்ற எதிர்மறைப் பெயரெச்சம் திணை, பால், எண் எதற்கும் மாறாது. முன்னால் நிற்கும் பெயருக்கு உருபும் வேண்டாம். இரண்டு பெயர்களை மாற்றிப் போட்டால் புது வரி தயார். பெண்களை இழிவுபடுத்தும் வரி ஒன்றும் இப்படித்தான் வந்து ஒட்டிக்கொண்டது. அதை இனியாவது விட்டுவிட வேண்டும். அந்தக் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-லேயே லிங்கம் திரும்ப வந்துவிட்டது, ஆனாலும் ‘சாமி இல்லாத கோயில்’ வாயை விட்டுப் போகவில்லை.

இன்று இணையத்தில் ஓடும் சொற்களும் இதே வகைதான். ‘ஆம்பூர் பிரியாணி வேற லெவல்’ என்பதில் வினையே கிடையாது. தமிழில் அது முழு வாக்கியம். ‘செம’ எந்தப் பெயருக்கு முன்னும் உருமாறாமல் நிற்கும்.

பேச்சில் இவ்வளவு கைகொடுக்கும் மொழி, ஹேஷ்டேக்கில் கவனக்குறைவால் சிதறுகிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ‘கத்தரிக்காய்’ என்கிறார், இன்னொருவர் ‘கத்திரிக்காய்’. ‘முள்ளு’வுக்குப் பின் ஒற்று போடுபவர் உண்டு, விடுபவரும் உண்டு. இதிலேயே நான்கு டேக் ஆகிவிட்டது. நான்கும் ஒன்றையொன்று அறியாது. நடுவில் இடைவெளி விட்டால் டேக் ‘முள்ளுக்’ என்பதோடு அறுந்துவிடும். சேர்த்து எழுதுங்கள், இல்லையேல் அடிக்கோடு போடுங்கள். வாக்கியத்துக்குள் ‘#இலவம்பாடியில்’ என்று எழுதினால் உருபும் டேக்கில் சேர்ந்து அது வேறு டேக் ஆகிவிடும். ஆகவே டேக்கை வாக்கியத்துக்குள் நுழைக்காமல் கடைசியில் தனியாக வையுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உண்டு. ‘கா’வில் காலுக்குப் பதில் ‘ர’ தட்டினால் சில எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. ‘பொன்னை’ என்ற ஊர்ப் பெயரில் ‘பொ’வின் ஒகரக் குறியைச் சில விசைப்பலகைகள் கொம்பு, கால் என இரண்டு குறியீடாக (குறியீடு என்பது கணினி எழுத்துக்கு வைத்திருக்கும் எண்) பதிக்கும், மற்றவை ஒன்றாகப் பதிக்கும், எல்லாத் தேடலும் இரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை. எஸ்.எம்.எஸ். அனுப்புவோர் நீளத்தையும் பார்க்க வேண்டும். ‘கத்தரிக்காய்’ நமக்கு 7 எழுத்து, கணினிக்கு 12 குறியீடு. தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 70 குறியீடுதான்.

ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவது இதற்குத் தீர்வாகாது. அதில் பலம், பாலம், பழம் மூன்றும் ஒரே சொல்லாகிவிடக்கூடும்.

விவசாயிகளும் வியாபாரிகளும் கூடி ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்ய வேண்டும். வேலூர் மார்க்கெட்டுக்கு வரும் மூட்டையிலும் கடைப் பலகையிலும் அதையே அச்சிட வேண்டும். படம் எடுத்துப் போடுகிறவர் பார்த்துத் தட்டுவது அதைத்தான்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்,
காட்பாடி