தொட்டிகளுக்கு நடுவே அகத்தியர்

டெல்லி, பிப்ரவரி 12

அன்புள்ள சங்கரா,

நலம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே மயூர் விஹாரில் பனிமூட்டம் ஒருவழியாக விலகிவிட்டது. பெரியவளுக்குப் பரீட்சை நெருங்குகிறது. டிவியை அணைத்துவிட்டு ராத்திரியில் நான் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன்.

நேற்று அங்கே அகத்தியரைப் பார்த்தேன். ஆமாம், நம்ம பொதிகை அகத்தியரேதான், அவர் பெயர் கொண்ட விண்மீன். மணி ஒன்பது இருக்கும். தெற்கே சிரியஸ் விண்மீன் பளிச்சென்று நின்றது. அதற்கு நேர் கீழே, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டுக்கும் நடுவில், தூசியில் பழுப்பேறி, அணையப்போகிற கங்கு மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. கையை நீட்டி முஷ்டியை மடக்கி அளந்தேன். ஒரு முஷ்டி உயரம்கூட இல்லை. இங்கே அது உச்சிக்கு வரும்போதே 9 பாகையை எட்டுவதில்லை. அம்பாசமுத்திரத்தில் 28 பாகைக்கு மேல், கிட்டத்தட்ட மூன்று முஷ்டி! சின்ன வயதில் உங்கள் மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு பார்த்தோமே, அதேதான். அப்போது பெயர் தெரியாது.

கிரேக்கர்களுக்கு அது கனோபஸ், அரபிகளுக்கு சுஹைல். பரிபாடலில் 'பொதியில் முனிவன்' என்றே வருகிறது. குறுமுனி என்கிறோம், ஆனால் விட்டம் சூரியனைப் போல சுமார் 70 மடங்கு, ஒளி 10,000 மடங்கு. சிரியஸ் நமக்கு 8.6 ஒளியாண்டில் இருப்பதால்தான் இரவு வானத்து விண்மீன்களில் பிரகாசத்தில் முதலிடத்தில் நிற்கிறது. அகத்தியர் சுமார் 310 ஒளியாண்டுக்கு அப்பால் இருந்தும் இரண்டாமிடம். நேற்று என் கண்ணில் விழுந்த வெளிச்சம், தஞ்சையில் மராட்டியர் ஆண்ட காலத்தில் கிளம்பியது. அப்புறம் ஒன்று: 1964ல் செவ்வாய்க்குப் புறப்பட்ட மாரினர் 4 விண்கலம் நிலை பிசகாமல் போக இதைத்தான் பிடித்துக்கொண்டது.

கயிலையில் கூட்டம் கூடி வடக்கு தாழ்ந்தபோது அவரைத் தெற்கே அனுப்பிய கதையைப் பாட்டி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். தெற்கே போகப் போக இந்த விண்மீனும் உயர்ந்துகொண்டே போகும். வடக்கே 37 பாகை அட்சரேகையைத் தாண்டினால் கண்ணில் படவே படாது. டெல்லிக்கு வந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, நேற்று அந்த மாடியில் நின்றபோதுதான் இது எனக்கு உறைத்தது. சந்தோஷமாகவும் இருந்தது, ஊர் ஏக்கமாகவும் இருந்தது.

அம்பையும் டெல்லியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. அதனால் இரண்டு ஊரிலும் அது ஒரே நேரத்தில்தான் உச்சிக்கு வரும். வருகிற சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மாடியில் ஏறி உன் முஷ்டியால் அளந்து பார். அங்கே நிறம் வெள்ளையா, இங்கே போலப் பழுப்பா என்று எழுது. நானும் அந்நேரம் தொட்டிகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன்,
வேலு