ஓட்டப் பயிற்சி பெறும் மாணவியருக்கு ஃபெரிட்டின் பரிசோதனை தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1,500 மீட்டர் ஓட்டத்தில் முதலிரண்டு சுற்றுகள் முன்னணியில் ஓடும் மாணவி மூன்றாம் சுற்றில் உதடு வெளுத்துப் பின்தங்குவதையும், வகுப்பில் யாருக்கும் தெரியாமல் பல்பத்தையோ பச்சரிசியையோ கடித்துக்கொண்டிருப்பதையும் உடற்கல்வி ஆசிரியையாகப் பலமுறை பார்த்திருக்கிறேன். இவை இரண்டும் இரும்புச்சத்துக் குறைபாட்டின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். ஆனால் மைதானத்தில் அவளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சோம்பேறி என்ற பட்டமும் கூடுதலாக இரண்டு சுற்றுகளும்தான், இது வேதனைக்குரியது.

தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை உள்ளது. ஓடுபவர்களுக்கோ மாதவிடாய் இழப்போடு, வியர்வையிலும், பாதம் தரையில் மோதும்போது சிவப்பணுக்கள் சிதைவதாலும் இரும்புச்சத்து மேலும் குறைகிறது. கடும் பயிற்சிக்குப் பின் சில மணி நேரத்துக்குக் கல்லீரலில் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன் அதிகம் சுரந்து, உணவிலுள்ள இரும்பைக் குடல் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. இரும்பு உறிஞ்சப்படுவதை டீயும் தடுக்கும் என்பதால், காலைப் பயிற்சி முடிந்ததும் டிபனோடு அதையும் குடித்தால், கிடைக்கவேண்டிய கொஞ்சநஞ்சமும் வீணாகிறது. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நல்லவையே என்றாலும், அவற்றிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேராது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றில் ஒன்றை உடன் சேர்த்துக்கொள்வது பயன் தரும். அசைவம் உண்போருக்கு ஈரலும் மீனும் உதவும்.

ஹீமோகுளோபின் 12 கிராம் இருந்தாலே ரத்தம் நன்றாக இருக்கிறது என்று முகாம்களில் அனுப்பிவிடுகிறார்கள். ஆனால், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்னும் புரதம்தான் முதலில் குறைகிறது. ஹீமோகுளோபின் குறைவது அதன் பிறகுதான். அதற்குள் ஒரு போட்டிப் பருவமே கடந்துவிடுகிறது. பள்ளிகளில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரை வருமுன் காப்பதற்கானது. ஏற்கெனவே இருப்பு தீர்ந்தவளுக்கு அது மட்டும் போதாது. வயிற்றைப் புரட்டுகிறது என்று அதையும் விழுங்காமல் மறைத்துவிடும் பிள்ளைகள் உண்டு.

அதேவேளை, பரிசோதனையின்றித் தாமாகவே மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்வதும் ஆபத்து. மிகையான இரும்பு கல்லீரலைப் பாதிக்கும். மேலும், தலசீமியா என்னும் பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறு உள்ளவர்களுக்கு இரும்புச்சத்து குறையாமலேயே ஹீமோகுளோபின் குறைவாக இருக்கக்கூடும்; அதற்கு இரும்பு மாத்திரை தீர்வாகாது.

ஆகவே, விளையாட்டு விடுதிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் ஓட்டப் பயிற்சி பெறும் மாணவியருக்குப் போட்டிப் பருவம் தொடங்கும் முன் ஹீமோகுளோபினுடன் ஃபெரிட்டினையும் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் பரிசோதிக்க, பள்ளிக்கல்வித் துறையும் விளையாட்டுத் துறையும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியை ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.