தரைக்கு ஆசிட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் வணிக வளாகங்களில் தரைக்கு ஆசிட் ஊற்றித் தேய்க்கிறார்கள். பளிங்கு, கடப்பா, கோட்டா எல்லாமே சுண்ணாம்பு வகைக் கற்கள். ஆசிட் பட்டதும் நுரைத்துக்கொண்டு வருவது அழுக்கு அல்ல, கல்லே கரைகிறது. மெருகு போன கல்லின் நுண்ணிய குழிகளில் அழுக்கு முன்பைவிட வேகமாக ஏறும். அடுத்த முறை இன்னும் அதிக ஆசிட் ஊற்றத் தோன்றும். மொசைக்கிற்கும் இதே கதி. விட்ரிஃபைடு டைல்ஸ் தாங்கினாலும் இடுக்கில் பூசிய சிமெண்ட் தாங்காது. அது அரித்துப் போனால் தண்ணீர் இறங்கி டைல்ஸ் ஆட ஆரம்பிக்கும்.

தரையை மங்க வைப்பது பெரும்பாலும் செருப்போடு உள்ளே வரும் மணல்தான். அது உப்புத்தாள் போலத் தேய்க்கும். வாசலில் பத்தடி நீளத்துக்கு மிதியடி போட்டு, நாள்தோறும் உதறினாலே பெரும்பகுதி மணல் அங்கேயே தங்கிவிடும். மழைக்காலத்தில் மாற்றுவதற்கு இன்னொரு மிதியடியும் வேண்டும். உலர்ந்த தரையை முதலில் கூட்டி எடுத்த பிறகே ஈர மாப். அதற்கு இரண்டு பக்கெட் தேவை: ஒன்றில் மருந்து கலந்த தண்ணீர், மற்றதில் மாப்பை அலசும் தண்ணீர். ஒரே பக்கெட்டை வைத்து மூன்று மாடி துடைத்தால், கீழ்மாடி அழுக்கை மேல்மாடியில் பூசியதாகத்தான் ஆகும். அலசும் தண்ணீர் கலங்கியதும் கொட்டிவிட வேண்டும்.

வாசனை தூக்கலாக இருந்தால்தான் சுத்தம் என்று நினைக்கும் மேலாளர்களுக்காகவே பினாயிலை அளவில்லாமல் ஊற்றுகிறார்கள். அது பிசுபிசுப்பான படலமாகப் படிந்து தூசியை இழுக்கும். லேபிளில் உள்ள அளவே போதும். ஆனால் அளந்து ஊற்ற ஒரு மூடிகூடப் பணியாளர் கையில் இருப்பதில்லை. உப்புத் தண்ணீரில் துடைத்தால் காய்ந்ததும் வெள்ளைப் பூத்துவிடும். கடைசித் துடைப்புக்காவது நல்ல தண்ணீர் கொடுங்கள்.

இதைவிடக் கவலை தருவது மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சாமான் அறை. சில்லறை ஆசிட் விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013-இலேயே கட்டுப்பாடு விதித்துவிட்டது. இருந்தும் பழைய தண்ணீர் பாட்டிலில், லேபிள் இல்லாமல், பிளீச்சிங் பவுடர் மூட்டைக்குப் பக்கத்திலேயே ஆசிட் நிற்கிறது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத கழிப்பறையில் அது உயிருக்கே ஆபத்து. கழிப்பறைக்கென்று ஆசிட் வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் தரைமட்டத் தட்டில் தனியாக, பூட்டி வையுங்கள். பிளீச்சிங் பவுடர் ஈரம் படாத எதிர்ப்பக்கம் இருக்கட்டும். திறந்த மூட்டை சீக்கிரமே வீரியம் இழக்கும் என்பதால் பழையதை முதலில் தீர்க்க வேண்டும். மாப்பை அலசிப் பிழிந்து, துணி தரையில் படாமல் ஆணியில் தொங்கவிட்டால் நாற்றம் வராது. கழிப்பறை மாப்புக்குச் சிவப்புக் கைப்பிடி, நடைபாதைக்கு நீலம் என்று பிரித்துவிட்டால் புதிதாக வேலைக்கு வருபவருக்கும் குழப்பமில்லை.

ஒப்பந்தம் போடும்போது ஆள் எண்ணிக்கையையும் மாதத் தொகையையும் மட்டும் எழுதுகிறார்கள். எந்த மாடியில் என்ன கல், அதில் எது படக்கூடாது, மாப்பும் கையுறையும் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றப்படும் என்பதையும் கட்டட உரிமையாளர்கள் அதில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வணிக வளாகப் பராமரிப்பு மேற்பார்வையாளர்கள் சிலர்,
சென்னை.